முத்திரை இருக்கிறது, மூலம் எங்கே?

சிவப்பு மையில் ‘உச்ச இரகசியம்’ என்று முத்திரை குத்திய ஆங்கிலத் தாள்கள் நம் புலனக் குழுக்களில் வந்து விழுவது வாடிக்கையாகிவிட்டது. அமெரிக்கா பறக்கும் தட்டு ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறது, உள்ளே நான்கு உடல்கள் இருந்தன, அதிபரே கையெழுத்துப் போட்டிருக்கிறார் பாருங்கள் என்று ஒரு குரல் பதிவும் கூடவே வரும். 2023 ஜூலை 26-ஆம் தேதி டேவிட் க்ரஷ் என்ற முன்னாள் அமெரிக்க உளவு அதிகாரி, அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் சத்தியம் செய்து, மனிதர் செய்யாத கலங்கள் அரசின் கையில் இருப்பதாகத் தமக்குச் சொல்லப்பட்டது என்று சாட்சி சொன்னார். அதன் பிறகு இந்த வரத்து இன்னும் கூடிவிட்டது. பேராக்கில் ஈப்போ புந்தோங்கிலும் சரி, சுங்கை சிப்புட்டிலும் சரி, கைப்பேசியை நீட்டி “இது உண்மைங்களா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

கேட்பவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களில் பலர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அரசாங்கம் தாள்களை மறைக்கும், எரிக்கும், கேட்டால் இல்லை என்று சொல்லும் என்பதைப் பட்டறிந்த குடும்பங்கள். அவர்களுடைய சந்தேகத்துக்கு நல்ல காரணம் இருக்கிறது. ஆனால் அந்தச் சந்தேகத்தைப் போலித் தாள் செய்கிறவர்கள் களவாடிக்கொண்டு போகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். அதனால் இந்தக் கேள்விக்கு முழுமையாகவே பதில் தேடுவோம். ஓர் இரகசிய ஆவணம் மெய்யா பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் அந்தத் திறமையை எங்கே செலவிட வேண்டும்?

உறையில் வந்த படச்சுருள்

இன்று சுற்றிவரும் தாள்களில் பல, ஒரே ஓர் உறைக்குள்ளிருந்து பிறந்தவை. 1984 டிசம்பர் 11-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஜெய்மி ஷண்டேராவின் வீட்டுக்கு அது வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. அஞ்சல் முத்திரை மட்டும் நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி நகரத்தைக் காட்டியது. உள்ளே, கழுவப்படாத 35 மில்லிமீட்டர் படச்சுருள். கழுவிப் பார்த்தால் எட்டுப் பக்கங்கள். 1952 நவம்பர் 18 என்று தேதியிட்டு, தேர்தலில் வென்று பதவியேற்கக் காத்திருந்த ஐசன்ஹோவருக்காக எழுதியதாகச் சொல்லும் அறிக்கை அது. 1947 ஜூலையில் ரோஸ்வெல் அருகே விழுந்த கலம், நான்கு சிறிய உடல்கள், இவற்றை ஆராய ‘மெஜஸ்டிக் 12’ என்ற பெயரில் பன்னிரண்டு பேர் குழு. இணைப்பாக, அந்தக் குழுவை அமைக்கச் சொல்லி அதிபர் ட்ரூமன் 1947 செப்டம்பர் 24-இல் கையெழுத்திட்ட ஆணை. ஷண்டேராவும் அவர் நண்பர் வில்லியம் மூரும் 1987-இல் இதைப் பொதுவில் வைத்தார்கள். அணு இயற்பியல் படித்த ஸ்டாண்டன் ஃப்ரீட்மன், 2019-இல் இறக்கும்வரை இதற்காக வாதாடினார்.

முதலில் கவனிக்க வேண்டியது, வந்தது தாள் இல்லை, தாளின் நிழற்படம். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் தாளின் வயது, நீர்க்குறி, மையின் சேர்மானம், தட்டச்சு எழுத்து தாளில் பதிந்த ஆழம், பேனா முனை அழுத்திய தடம் என்று ஆவண ஆய்வாளர் தொட்டுப் பார்க்கக்கூடிய அத்தனையும் இதனால் காணாமல் போகின்றன. அனுப்பியவர் யாரோ, அவருக்கு இது தெரிந்திருந்தது.

ஆனாலும் நிழற்படமே போதிய அளவு பேசியது. ஆணையின் அடியிலுள்ள ட்ரூமனின் கையெழுத்தை ஆராய்ந்தவர்கள், அதே கையெழுத்தை வேறோர் இடத்தில் கண்டார்கள். 1947 அக்டோபர் 1-ஆம் தேதி அறிவியலாளர் வானவார் புஷ்ஷுக்கு ட்ரூமன் எழுதிய உண்மையான கடிதத்தில் அது இருந்தது. அதே போன்ற கையெழுத்து என்றால் குற்றமில்லை. இது அச்சு அசலாக அதே கையெழுத்து. கோட்டில் ஏற்பட்டிருந்த சிறு பிசகும் இரண்டிலும் ஒன்றாக இருந்தது. எந்த மனிதனாலும் இரண்டு முறை அப்படி எழுத முடியாது. உங்கள் வங்கிக் கணக்குத் தாளையே எடுத்துப் பாருங்கள், ஒரே நாளில் போட்ட இரண்டு கையெழுத்தும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. பொருந்தினால் ஒன்று மற்றதிலிருந்து எடுத்தது.

அடுத்தது தட்டச்சு. ஃபிலிப் கிளாஸ் என்ற பத்திரிகையாளர் ஆவண நிபுணர் ஒருவரிடம் காட்டியபோது, 1947 ஆணையின் எழுத்துரு ஒரு ஸ்மித் கொரோனா இயந்திரத்துடையது, அந்த வகை 1963-இல்தான் சந்தைக்கு வந்தது என்று தெரிந்தது. ஆணைக்குக் கொடுத்திருந்த எண்ணும் பொருந்தவில்லை. ட்ரூமன் காலத்து ஆணைகள் வரிசை எண் கொண்டவை. 1947 மார்ச்சில் அரசு ஊழியர் விசுவாசச் சோதனைக்காக அவர் பிறப்பித்த ஆணையின் எண் 9835. இந்தத் தாளிலோ 092447 என்று, மாதம், நாள், ஆண்டு மூன்றையும் ஒட்டவைத்த எண். அறிக்கையில் தேதி எழுதும் பாணியிலும் விசித்திரம். ஒற்றை இலக்க நாளுக்கு முன் சுழியம், மாதத்துக்குப் பின் தேவையில்லாத காற்புள்ளி. மூர் தம் சொந்தக் கடிதங்களில் தேதி எழுதிய பாணியும் அதுவே என்று கிளாஸ் சுட்டிக்காட்டினார்.

இதைவிட எனக்குச் சுவையாகப்படுவது அடுத்த கட்டம். 1985-இல் மூரும் ஷண்டேராவும் வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய், விமானப்படைக் கோப்புகளில் 189-ஆம் பெட்டியைத் திறந்தபோது, இரண்டு கோப்புகளுக்கு இடையில் ஒற்றைத் தாள் ஒன்று கிடைத்தது. 1954 ஜூலை 14 தேதியிட்டு, அதிபரின் உதவியாளர் ராபர்ட் கட்லர், தளபதி ட்வைனிங்குக்கு எழுதிய குறிப்பு. மெஜஸ்டிக் 12 கூட்டத்தின் நேரம் மாறியிருக்கிறது என்று சொல்லும் சில வரிச் சேதி. இந்த முறை நிழற்படம் இல்லை, தாளே இருந்தது. அதுவும் அரசாங்கக் காப்பகத்துப் பெட்டிக்குள். இனி என்ன சந்தேகம் என்று நம்பியவர்கள் கேட்டார்கள்.

காப்பக ஊழியர்கள் பொறுமையாக வேலை செய்தார்கள். அந்தப் பெட்டியிலுள்ள மற்ற உச்ச இரகசியத் தாள்களுக்கெல்லாம் பதிவு எண் இருந்தது, இதற்கு மட்டும் இல்லை. கட்லரின் அலுவலகப் படித்தாள்களில் கழுகு நீர்க்குறி இருக்கும், இதில் இல்லை. தாளில் இருந்த இரகசியக் குறியீடு நிக்சன் ஆட்சியில்தான் பழக்கத்துக்கு வந்தது. ஐசன்ஹோவரின் நாட்குறிப்பில் அப்படியொரு கூட்டமே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கட்லர் ஜூலை 3-ஆம் தேதி கிளம்பி ஐரோப்பாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் சுற்றிக்கொண்டிருந்தார்; திரும்பியது 15-ஆம் தேதி. 14-ஆம் தேதி அவர் வாஷிங்டனில் இல்லை.

பெட்டிக்குள் இருந்ததே போதும் என்று நினைப்பது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்து தெரிகிறது. காப்பகத்திலிருந்து தாளைத் திருடுவது கடினம், காவலர் சோதிப்பார். உள்ளே ஒரு தாளைச் செருகிவிட்டு வருவது அவ்வளவு கடினமில்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் துப்பறிதல் புதிதாக இருக்காது. விடியற்காலைப் பெரட்டில் கிராணி செக்ரோல் என்ற வருகை ஏட்டில் பேர் போடுவார். பால் கொட்டகையில் நிறை பார்த்து இன்னொரு புத்தகத்தில் எழுதுவார்கள். பாலின் அடர்த்தி காட்டும் மெட்ரோலாக் போட்டுப் பார்த்த கணக்கு வேறு, தொழிற்சாலைக்குப் போன பால் கணக்கு வேறு, மாதக் கடைசியில் சம்பளப் புத்தகம் வேறு. வேலைக்கு வராத ஆளுக்குச் செக்ரோலில் பேர் விழுந்தால், அந்த ஒரு வரி எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் மற்ற புத்தகங்கள் காட்டிக் கொடுத்துவிடும். அரசாங்கத் தாளும் அப்படித்தான், தனியாகப் பிறப்பதில்லை. அனுப்பியவர் அலுவலகத்தில் படி இருக்கும், பெற்றவர் பதிவேட்டில் எண் இருக்கும், பதில் கடிதம் இருக்கும், அதற்கு ஆன செலவு எங்கோ கணக்கில் ஏறியிருக்கும். பன்னிரண்டு பெரிய மனிதர்கள் பல ஆண்டுகள் நடத்தியதாகச் சொல்லப்படும் ஒரு திட்டத்துக்கு, அவர்களுடைய உண்மையான கோப்புகள் எதிலும் ஒரு பயணச் சீட்டுக் கணக்குகூட இல்லை.

1988-இல் இந்தத் தாள்களின் படி அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறையிடம் வந்தது. விமானப்படையிடம் விசாரித்தார்கள், இது எங்கள் ஆவணமே இல்லை என்று பதில் வந்தது. ‘போலி’ என்று பக்கத்துக்குப் பக்கம் பெரிதாக எழுதிக் கோப்பை மூடினார்கள். அந்தப் படிகளை யார் வேண்டுமானாலும் இன்று பார்க்கலாம்.

மெய்யான தாள், செவிவழிச் சேதி

இதுவரை சொன்னது எளிதான பாதி. தாளும் மெய், முத்திரையும் மெய், கையெழுத்தும் மெய் என்றால் என்ன செய்வது? படித்தவர்களே இடறி விழும் இடம் இது.

1950 மார்ச் 22-ஆம் தேதி, அதே புலனாய்வுத் துறையின் வாஷிங்டன் அலுவலகத் தலைவர் கை ஹாட்டல், தம் மேலதிகாரி ஹூவருக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்பினார். நியூ மெக்சிகோவில் மூன்று பறக்கும் தட்டுகள் மீட்கப்பட்டன, ஒவ்வொன்றிலும் மூன்றடி உயர உடல்கள் மூன்று இருந்தன என்று அதில் இருக்கிறது. குறிப்பு முற்றிலும் உண்மையானது. 2011-இல் துறையின் இணையக் காப்பகத்தில் ஏறியபின், அங்கே மிக அதிகம் பேர் பார்த்த ஆவணம் அதுதான் என்று துறையே அறிவித்தது. ஆனால் ஹாட்டல் தாம் பார்த்ததாக எழுதவில்லை. ஒருவர் சொன்னதாக விமானப்படை விசாரணையாளர் ஒருவர் சொன்னதை எழுதினார். மேற்கொண்டு விசாரிக்கவில்லை என்றும் அதே தாளில் எழுதிவைத்தார். அந்த வட்டாரத்தில் அப்போது தட்டுக் கதையை விற்றுத் திரிந்த சைலஸ் நியூட்டன், மண்ணுக்குள் எண்ணெய் காட்டும் மாயக் கருவி என்று சொல்லிப் பணம் பறித்த வழக்கில் 1953-இல் தண்டனை பெற்றவர்.

நம் இந்தியச் சொந்தக்காரர்கள் அனுப்பி வைக்கும் தாள் ஒன்றும் இப்படித்தான். 1968 ஏப்ரலில் அமெரிக்க மத்திய உளவு நிறுவனம் தொகுத்த அறிக்கை அது. அந்த ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் லடாக், சிக்கிம், நேபாளம், பூட்டான் வானத்தில் தெரிந்த ஒளிகளைப் பற்றியது. பொக்காரா அருகே பள்ளமொன்றில் உலோகத் தட்டு கிடந்ததாகவும் அதில் உண்டு. ஆவணம் மெய். ஆனால் அது உளவாளி கேட்டதைக் கேட்டபடி மேலே அனுப்பிய தகவல் தாள், யாரும் ஆராய்ந்து தந்த முடிவு இல்லை. சோவியத் நாடும் அமெரிக்காவும் ஏவிய ராக்கெட்டுகளின் மிச்சங்கள் பூமிமீது விழுந்துகொண்டிருந்த காலம் அது. உளவுத்துறைக்கு அந்த ஒளியில் ஆர்வம் வர வேற்றுக்கிரகத்தார் தேவையில்லை.

காவல் நிலையத்தில் ஒருவர் புகார் கொடுத்தால் புகார்த் தாள் மெய்யாக இருக்கும். புகாரில் சொன்னது நடந்ததா என்பது வேறு விசாரணை. 1970 ஆகஸ்டில் பக்கத்து மாநிலமான பினாங்கின் புக்கிட் மெர்தாஜாமில் பள்ளிப் பிள்ளைகள் மூன்று அங்குல மனிதர்களைப் பார்த்ததாகச் சொன்ன செய்தி வந்தது. செய்தி வந்தது என்பதில் ஐயமில்லை. அந்தச் செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு குட்டி மனிதர்கள் இறங்கினார்கள் என்று சாதிக்க முடியாது.

வானத்திலிருந்து நம் பேராக்கில் ஒன்று விழுந்ததும் உண்மைதான். ஈப்போவுக்கு வடக்கே லெங்கோங் பள்ளத்தாக்கில் புக்கிட் பூனோ என்ற இடத்தில், செம்பனை மரங்களுக்கு நடுவே, விண்கல் மோதி உருகி இறுகிய சுவைட் என்ற பாறை கிடைத்தது. அந்தப் பாறைக்குள் மனிதர் செதுக்கிய கற்கோடரி பதிந்திருக்கிறது என்று மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மொக்தார் சைடின் குழு 2009-இல் அறிவித்தது. ஜப்பானிய ஆய்வகம் ஒன்று கணித்த வயது 18.3 இலட்சம் ஆண்டு. அவ்வளவு பழைய கோடரியா என்று வெளிநாட்டு அறிஞர் சிலர் இன்றும் ஏற்கத் தயங்குகிறார்கள். தயங்கட்டும். பாறை இருக்கிறது, இடம் இருக்கிறது, கணக்குப் போட்ட முறை எழுதப்பட்டிருக்கிறது. நம்பாதவர் வந்து மறுபடி அளந்து பார்க்கலாம். மெஜஸ்டிக் தாள்களில் இந்த வாசல் எதுவும் திறந்திருக்கவில்லை.

அரசாங்கமே செய்த போலிகள்

அப்படியானால் அரசாங்கம் ஒன்றுமே மறைக்கவில்லையா? மறைத்தது. ரோஸ்வெல்லில் 1947-இல் விழுந்தது சாதாரண வானிலை பலூன் என்று அன்று சொன்னார்கள். அது பொய். சோவியத் அணுகுண்டுச் சோதனையின் ஒலியை வானத்து உயரத்தில் பிடிப்பதற்காக ‘மோகல்’ என்ற இரகசியத் திட்டத்தில் விட்ட பலூன் வரிசை அது என்று அமெரிக்க விமானப்படை 1994-இல்தான் ஒப்புக்கொண்டது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுப் பொய்யின் மேல் ஒரு பெருங்கதை வளர்ந்ததில் வியப்பில்லை.

அதைவிட மோசமானதும் நடந்தது. 1989 ஜூலையில் லாஸ் வேகஸ் மாநாட்டில் வில்லியம் மூர் மேடையேறி, தாம் விமானப்படை உளவுப் பிரிவுக்குத் தகவல் கொடுத்து வந்ததாகவும், தட்டு ஆராய்ச்சியாளர் ஒருவரைப் பொய்த் தகவலால் குழப்பும் வேலையில் தமக்கும் பங்குண்டு என்றும் ஒப்புக்கொண்டார். 2025 ஜூனில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளேடு இன்னொன்றை வெளியிட்டது. 1980-களில் விமானப்படைக் கர்னல் ஒருவர், நெவாடா இரகசியத் தளத்தின் அருகிலுள்ள மதுக்கடைக்காரரிடம் போலித் தட்டுப் படங்களைக் கொடுத்தார். ராடாருக்குப் படாத புதுப் போர் விமானத்தின் சோதனையை மறைக்கவே அது. புதிதாகப் பொறுப்பேற்ற அதிகாரிகளுக்கு வேற்றுக்கிரகத் திட்டம் என்ற பெயரில் போலித் தாளைக் காட்டி, வாய் திறக்கக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கும் வழக்கம் பல்லாண்டு நடந்திருக்கிறது. அவர்களில் சிலர் அதைக் கடைசிவரை மெய்யென்றே நம்பினார்கள். க்ரஷ் போன்றோர் கேட்ட கதைகளின் வேர்களில் இதுவும் ஒன்றாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

ஆகவே முத்திரை மெய் என்பதோடு நிற்கக் கூடாது. இதைச் செய்தவருக்கு என்ன தேவை இருந்தது, இது யார் யார் கை மாறி வந்தது என்றும் கேட்க வேண்டும்.

ஐந்து லாரித் தாள்கள்

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். இவ்வளவும் எழுத வந்ததே இதற்காகத்தான்.

1957-இல் மலாயாவை விட்டுப் புறப்பட்ட பிரிட்டிஷ் நிர்வாகம், வரப்போகும் அரசின் கையில் சிக்கக் கூடாத கோப்புகளைக் கோலாலம்பூரில் பிரித்து எடுத்தது. அவை ஐந்து லாரிகளில் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்துக்குப் போய் அங்குள்ள சூளையில் சாம்பலாயின. எரிக்காமல் வைத்துக்கொண்டவை கப்பலேறின. இப்படிக் காலனிகளிலிருந்து கொண்டுபோனவை இங்கிலாந்தின் ஹேன்ஸ்லோப் பார்க் என்ற பாதுகாப்பு வளாகத்தில் பல்லாண்டு பூட்டிக் கிடந்தன. அப்படி ஒரு குவியல் இருப்பதையே வெளியுறவு அலுவலகம் ஒப்புக்கொள்ளவில்லை. கென்யாவில் தடுப்பு முகாம்களில் வதைக்கப்பட்ட முதியவர்கள் லண்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, வரலாற்றாசிரியர்கள் விடாமல் கேட்ட பிறகு, 2011-இல் உண்மை வெளிவந்தது. 37 ஆட்சிப் பகுதிகளின் 8,800 கோப்புகள் என்று முதலில் ஒப்புக்கொண்டார்கள். 2012 ஏப்ரலில் முதல் தொகுதி கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் திறக்கப்பட்டபோது அதில் மலாயாக் கோப்புகளும் இருந்தன.

அந்தக் குவியலில் இருந்த அறிவுரைக் கடிதங்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. கிழக்கு ஆப்பிரிக்காவில் காலனி அதிகாரிகளுக்குக் கொடுத்த உத்தரவு இது. எரித்த சாம்பலையும் பொடியாக்க வேண்டும். எரிக்க வசதியில்லை என்றால் எடை கட்டிய பெட்டியில் வைத்துக் கரையிலிருந்து தொலைவில் ஆழ்கடலில் இறக்க வேண்டும். புதிய அரசுக்கு ஒப்படைக்கும் கோப்பு வரிசையிலிருந்து ஓர் இரகசியக் கோப்பை உருவினால், அந்த இடத்தில் அதே போன்ற ஒரு போலிக் கோப்பைச் செய்து வைக்க வேண்டும். இல்லாத கலத்துக்குத் தாள் செய்தவர்களைப் பார்த்தோம். இங்கே இருந்த உண்மையை மறைக்க ஓர் அரசே தாள் செய்யச் சொல்லியிருக்கிறது.

பேராக்கில் இது யாரைத் தொடுகிறது? 1948 ஜூன் 16-ஆம் தேதி காலை, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்ஃபில் தோட்டத்துத் துரை ஆர்தர் வாக்கரும், இன்னொரு தோட்டத்தில் ஜான் ஆலிசன், இயன் கிறிஸ்டியன் இருவரும் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றே பேராக்கின் சில பகுதிகளிலும் ஜொகூரிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பிறகு மலாயா முழுவதும். அது முடிந்தது 1960 ஜூலை 31-இல். அந்தக் காலத்துத் துரைமார்களும் சிப்பாய்களும் போலீசாரும் பத்து காஜாவில் பெயர் பொறித்த கல்லறைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது உரியதே. ஆனால் முள்கம்பிக்குள் மாற்றிக் குடிவைக்கப்பட்ட தோட்டக் குடும்பங்கள், அரிசி அளந்து கொடுக்கப்பட்ட லயங்கள், தொழிற்சங்கத்தில் பேர் இருந்ததற்காக விசாரணையின்றிப் பிடித்துப்போன ஆட்கள், இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர்கள், இவர்களுக்கு எங்கே பட்டியல்? மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த கணபதி 1949 மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு கேட்டும் கருணை கிடைக்கவில்லை. அவரோடு சேர்ந்து நின்ற ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்களின் கதை, எரியாமல் மிஞ்சிய கோப்புகளில் போலீஸ்காரர் எழுதிய கோணத்தில் கிடக்கிறது.

அவற்றைப் படிக்கும்போதும் அதே எச்சரிக்கை வேண்டும். தாள் மெய் என்பதால் சேதி மெய்யாகிவிடாது. சங்கத் தலைவரைப் பயங்கரவாதி என்று உளவு அறிக்கை எழுதினால், அது எழுதியவரின் பார்வைக்குச் சான்று. சுங்கை சிப்புட் கொலைகள் மாஸ்கோவின் திட்டப்படி நடந்தவை என்று அன்றைய ஆட்சியாளர்கள் பேசினார்கள். ஆவணச் சான்று போதாது என்று அதை ஏற்க மறுத்த வரலாற்றாசிரியர்கள் பலர். 1948 டிசம்பரில் சிலாங்கூரின் பத்தாங் காலியில் 24 பேரைப் பிரிட்டிஷ் படை சுட்டுக் கொன்றபோதும், தப்பியோட முயன்றவர்கள் என்றுதான் அதிகாரத் தாள் சொன்னது. உறவினர்கள் லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2015-இல் அவர்கள் தோற்றது, பொது விசாரணை நடத்தும் சட்டக் கடமை இப்போது இல்லை என்ற காரணத்தால்.

தாள் இல்லாததால் தோற்றவர்களும் உண்டு. கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங் பேராக்கின் சித்தியவானில் பிறந்தவர். நாடு திரும்ப வழக்குப் போட்டபோது பிறப்புப் பத்திரத்தைக் காட்டு என்றது நீதிமன்றம். 1948-இல் போலீஸ் சோதனையில் அது போய்விட்டது என்றார் அவர். 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பத்திரம் வேண்டும் என்றது. 2013-இல் பாங்காக்கில் இறந்தார். அவருடைய அரசியலை ஏற்காதவர்களும் இந்த ஒரு செய்தியில் யோசிக்க வேண்டும். பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனது அரசு, அதைக் காட்டு என்று கேட்பதும் அரசு என்றால் குடிமகன் என்ன செய்வான்?

அரசியலே தெரியாத நம் பாட்டிமார்களுக்கும் இதே கதிதான். தோட்டத்து லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து, பதிவு செய்யப்படாமல், ஆயுள் முழுக்கப் பால் மரம் வெட்டி, குடியுரிமை இல்லாதோர்க்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு கண்மூடியவர்கள் எத்தனை பேர். 2011-இல் மைடஃப்தார் பதிவு இயக்கமும் 2017-இல் அதன் பெரிய சுற்றும் நடந்தபோது, முதியவர்கள் பழைய செக்ரோல் படியையும் பள்ளிச் சேர்க்கை ஏட்டையும் தேடி அலைந்தார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு, கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, ஆபீஸ் இடிக்கப்பட்டபோது அந்த ஏடுகள் குப்பையோடு போயிருந்தன. பெயரில்லாத உறையில் வந்த படச்சுருளை நாற்பது ஆண்டாக உலகம் நம்பத் தயாராக இருக்கிறது. இந்த மண்ணில் பிறந்தேன் என்று நேரில் நின்று சொல்லும் கிழவியை நம்ப ஆளில்லை. இதைப் போல் என்னைக் கோபப்படுத்துவது வேறில்லை.

மறைக்கப்பட்ட தாளைத் தேடும் ஆர்வம் நமக்கு வேண்டும். அதை இங்கே திருப்புங்கள் என்றுதான் கேட்கிறேன். கியூ காப்பகத்தின் எஃப்சிஓ 141 என்ற வரிசையில் மலாயாக் கோப்புகளின் பட்டியலை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், கட்டணம் கட்டிப் படி எடுக்கலாம். கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறை பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. நம் பல்கலைக்கழக மாணவர்கள் ஆளுக்கொரு தோட்டத்தை எடுத்துக்கொண்டு தேடினால், எல்ஃபில், கமுனிங், டோவன்பி என்று பெயரோடு நிறையக் கிடைக்கும்.

உங்கள் வீட்டு அலமாரியையும் திறந்து பாருங்கள். தாத்தாவின் சம்பளச் சீட்டு, சங்க உறுப்பினர் அட்டை, கோயில் வரவு செலவு நோட்டு, கப்பல் சீட்டு, தோட்டப் பள்ளி ஏடு, எதுவானாலும் தூக்கிப் போடாதீர்கள். பளபளப்புத் தாள் ஒட்டிக் கெடுக்க வேண்டாம். இரு பக்கமும் படம் எடுங்கள். இது யாருடையது, எந்தத் தோட்டம், யார் கையிலிருந்து உங்களுக்கு வந்தது என்பதைத் தனித் தாளில் எழுதித் தேதி போட்டு, அதோடு சேர்த்து வையுங்கள். பின்னால் ஒருவர் வந்து இது மெய்யா என்று கேட்டால், பதில் அந்தத் தாளில் இருக்க வேண்டும். தோட்டத்தில் பிறந்த பெரியவர்கள் இருக்கும்போதே இந்த வாரமே இதைச் செய்யுங்கள்.